நஹ்வும் ஆங்கில வாக்கியமும்: சென்னை முஸ்லிம் கல்வி வரலாற்றில் விடுபட்ட ஒரு கண்ணி

சென்னை மாநகரில் ஆங்கிலப் புலமைக்குப் பெயர்பெற்ற பகுதி எது என்று கேட்டால், மூத்த தலைமுறையினர் தயங்காமல் மயிலாப்பூரைச் சுட்டுவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி, உயர்நீதிமன்றத்தின் புகழ்மிக்க வழக்கறிஞர்கள் பலர் அங்குக் குடியிருந்தனர். அவர்கள் ஆங்கிலத்தில் வாதாடிய அதே காலத்தில் தம் பழைய கல்வியையும் கைவிடவில்லை. அவர்களுள் ஒருவரான வி. கிருஷ்ணசாமி ஐயர் 1906இல் மயிலாப்பூரில் சமஸ்கிருதக் கல்லூரியை நிறுவியதே இதற்குச் சான்றாகும்.

இவ்வகையினருள் தலைசிறந்தவராக வி.எஸ். ஸ்ரீநிவாச சாஸ்திரியைக் குறிப்பிடலாம். வலங்கைமானில் ஓர் ஏழைப் புரோகிதரின் மகனாகப் பிறந்து, கும்பகோணத்தில் கற்று, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக விளங்கியவர் அவர். காந்தியடிகள் குஜராத்தியில் எழுதிய தன்வரலாற்றை மகாதேவ் தேசாய் ஆங்கிலத்தில் பெயர்த்தார். அதன் மறுபதிப்புக்காக மொழியைத் திருத்திக் கொடுத்த அறிஞர், தம் பெயர் வெளிவரக் கூடாது என்று நிபந்தனை விதித்தார். அவர் சாஸ்திரியாரே என்பது பின்னர் அறியப்பட்டது. 1944இல் அவர் மயிலாப்பூரில் வால்மீகி இராமாயணம் குறித்து நிகழ்த்திய தொடர் சொற்பொழிவுகள் ஆங்கிலத்திலேயே அமைந்தன. தம் மரபின் மூலநூலை மூலமொழியில் கற்று, அதை அயல்மொழியில் பிழையற எடுத்துரைக்கும் ஆற்றல் ஒரே மனிதரிடம் கூடியிருந்தது.

மயிலாப்பூரிலிருந்து இராயப்பேட்டை அமீர் மஹாலுக்கும், அங்கிருந்து 1795இல் எழுப்பப்பட்ட திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசலுக்கும் உள்ள தொலைவு, நடந்தே கடக்கத்தக்கது. ஆற்காட்டு நவாபுகளின் ஆதரவில் அரபும் பாரசீகமும் செழித்திருந்த பகுதி அது. இலக்கணக் கல்வியில் அந்த வட்டாரத்து உலமாக்கள் எவருக்கும் இளைத்தவர்கள் அல்லர். அவ்வாறிருந்தும், அரபு மூலத்தையும் ஆங்கில உரைநடையையும் ஒருசேர ஆளும் அறிஞர் கூட்டம் நம்மிடையே ஏன் உருவாகாமல் போயிற்று? இக்கேள்விக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அயல்மொழி கற்றலும் நம் முன்னோரும்

ஆங்கிலத்தை உலமாக்கள் ஹராம் என்று ஒதுக்கினர். அதனால் சமுதாயம் பின்தங்கியது என்று ஒரு விடை எளிதாகச் சொல்லப்படுவதுண்டு. இதில் ஓரளவு உண்மை இருப்பினும் இது முழு விடை ஆகாது. பிற மொழி கற்பதை மார்க்கம் தடுத்ததில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் கட்டளையை ஏற்று ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்கள் சில வாரங்களுக்குள் அயல்மொழி எழுத்தைக் கற்று, அண்ணலாரின் கடிதப் போக்குவரத்தைக் கவனித்துக்கொண்ட செய்தி ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளது. பிறருடைய மொழிபெயர்ப்பை நம்பியிராமல் நம்மவர் ஒருவரே அம்மொழியை அறிந்திருக்க வேண்டும் என்பதே அக்கட்டளையின் உட்கருத்து.

இதே எச்சரிக்கை ஆங்கிலேயரிடமும் இருந்தது. இந்நாட்டு மொழிகளைத் தம் அலுவலர் கற்பதற்காகவே 1812இல் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியை அவர்கள் அமைத்தனர். எல்லிஸ் முதலானோர் அங்குத் தமிழ், தெலுங்கு இலக்கணங்களை ஆராய்ந்தனர். முன்ஷிகளும் பண்டிதர்களும் ஆசிரியர்களாக அமர்ந்து கற்பித்தனர். ஆள வந்தவர்கள் நம் இலக்கணத்தைக் கற்ற அளவுக்கு, ஆளப்பட்டவர்கள் அவர்களுடைய இலக்கணத்தைக் கற்க வழி செய்யப்படவில்லை.

ஆட்சிமொழி மாறியபோது

1835இல் ஆங்கிலக் கல்விக்கே அரசுப் பணம் என்னும் கொள்கை உறுதியாயிற்று. 1837ஆம் ஆண்டுச் சட்டம், நீதிமன்றங்களிலும் வருவாய்த் துறையிலும் பாரசீகம் பெற்றிருந்த இடத்தை நீக்க வழிசெய்தது. தலைமுறை தலைமுறையாகப் பாரசீக எழுத்துத் திறத்தால் வாழ்ந்த குடும்பங்களின் கல்வி, சில ஆண்டுகளுக்குள் சந்தை மதிப்பை இழந்தது.

சென்னையில் நவாப் குலாம் கவுஸ் கான் காலத்தில் தோன்றிய மத்ரஸயே ஆஸம், அவர் 1855இல் மறைந்து நவாப் பட்டமும் முடிவுக்கு வந்தபின் அரசின் பொறுப்பில் சென்றது. ஆங்கிலம் பாடத்திட்டத்தில் இடம்பெற்றது. இராயப்பேட்டையில் முஸ்லிம் சிறுவர்களுக்காகச் சர்ச் மிஷனரி சங்கம் நடத்திய ஹாரிஸ் பள்ளியும் அதே காலத்தது. ஆங்கிலம் அங்குக் கிடைத்தது. ஆயின் அது மிஷனரியின் கையிலிருந்து கிடைத்தது. பெற்றோரின் தயக்கத்துக்கு மொழியைவிட அந்தக் கையே காரணமாயிருந்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

1871இல் மேயோ பிரபுவின் அரசு, முஸ்லிம்களின் கல்வி நிலை குறித்துத் தீர்மானம் வெளியிட்டது. அதனையொட்டிச் சென்னை அரசும் சிறப்புப் பள்ளிகளுக்கு ஏற்பாடு செய்தது. இவற்றிலும் ஒரு சிக்கல் இருந்தது. தலைநகரின் பழைய முஸ்லிம் கல்வி உருதுவையும் பாரசீகத்தையும் சார்ந்தது. காயல்பட்டினத்து மரைக்காயருக்கும், உள்நாட்டு இராவுத்தருக்கும், லெப்பைமார்களுக்கும் தாய்மொழி தமிழ். மார்க்க மொழி அரபு. எழுதும் மொழி பெரும்பாலும் அரபுத்தமிழ். அவர்கள் உருதுவின் வாயிலாக ஆங்கிலத்தை அடைவது, மயிலாப்பூருக்குச் செல்ல வேண்டியவர் செங்கற்பட்டைச் சுற்றிச் செல்வது போன்றது.

1902இல் தென்னிந்திய முஸ்லிம் கல்விச் சங்கம் தோன்றியது. அச்சங்கம் 1951இல் இராயப்பேட்டையில் புதுக்கல்லூரியை நிறுவியது. நீதிபதி பஷீர் அகமது சயீத் 1955இல் தேனாம்பேட்டையில் பெண்களுக்கான கல்லூரி உருவாகக் காரணமாக விளங்கினார். இவற்றால் ஆங்கிலம் கற்ற முஸ்லிம் ஆடவரும் பெண்டிரும் பல்லாயிரவர் உருவாயினர். ஆயினும் கல்லூரி ஒருபுறமும் மத்ரஸா மறுபுறமுமாக இரு பாதைகள் பிரிந்தே சென்றன. ஆங்கிலம் கற்றவருக்கு நஹ்வு தெரியவில்லை; நஹ்வு கற்றவருக்கு ஆங்கிலம் தெரியவில்லை. விடுபட்ட கண்ணி இதுவே.

பிறர் மொழிபெயர்ப்பில் நம் சட்டம்

இப்பிரிவினால் விளைந்த இழப்பைச் சட்டத்துறையில் தெளிவாகக் காணலாம். ஹனஃபி மத்ஹபின் புகழ்பெற்ற நூலான ஹிதாயாவை 1791இல் சார்லஸ் ஹாமில்டன் ஆங்கிலத்தில் வெளியிட்டார். அவர் அரபு மூலத்திலிருந்து பெயர்க்கவில்லை. பாரசீகப் பெயர்ப்பிலிருந்து பெயர்த்தார். மூலத்துக்கு இரு படி அப்பாற்பட்ட அந்நூலை வைத்தே ஆங்கிலேய நீதிபதிகள் பல தலைமுறைகள் நம் சொத்தையும் திருமணத்தையும் வக்ஃபையும் தீர்மானித்தனர். அரபும் ஆங்கிலமும் ஒருங்கே கற்ற நீதிபதி சையித் மஹ்மூத், அலகாபாத் உயர்நீதிமன்றத்தில் அரபு மூலங்களை நேரடியாக ஆராய்ந்து தீர்ப்பு எழுதினார். அவருடைய தீர்ப்புகள் இன்றும் மதிப்புடன் எடுத்துக்காட்டப்படுகின்றன. அத்தகையோர் விரல்விட்டு எண்ணத்தக்கவரே.

1894இல் இலண்டன் பிரிவி கவுன்சில், அறத்துக்குரிய பங்கு பெயரளவுக்கு மட்டும் இருப்பதாகக் கூறிக் குடும்ப வக்ஃபு ஒன்றைச் செல்லாது என்று தீர்த்தது. ஃபிக்ஹ் நூல்கள் ஏற்றுக்கொண்ட ஓர் ஏற்பாடு இதனால் நாடெங்கும் ஐயத்துக்குள்ளாயிற்று. அல்லாமா ஷிப்லி நுஃமானி போன்ற ஆலிம்கள் ஒருபுறமும், ஜின்னா போன்ற சட்ட அறிஞர்கள் மறுபுறமும் முயன்றதன் பயனாக 1913இல் வக்ஃபு செல்லுபடிச் சட்டம் நிறைவேறியது. ஆலிமின் அறிவும் ஆங்கிலச் சட்டமொழியும் கைகோத்தபோது இருபதாண்டுக் கேடு நீங்கியது என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது.

சென்னையிலேயே இதற்கு வேறொரு சான்று உண்டு. வள்ளல் ஜமால் முஹம்மது அவர்களின் ஆதரவில் நிகழ்ந்த மதராஸ் உரைகளில், 1925இல் சையித் சுலைமான் நத்வி உருதுவிலும், 1927இல் மார்மடியூக் பிக்தால் ஆங்கிலத்திலும், 1929 ஜனவரியில் அல்லாமா இக்பால் ஆங்கிலத்திலும் பேசினர். இஸ்லாமியச் சிந்தனையின் மறுமலர்ச்சி பற்றிய இக்பாலின் உரைகள் நீண்ட வாக்கியங்களால் ஆனவை. ஒரு கிளை வாக்கியத்துள் மற்றொன்று புதைந்திருக்கும். அவற்றை எடைபோடக் கலாமும் தஸவ்வுஃபும் அறிந்த ஆலிம்கள் வேண்டும். அந்த ஆலிம்களுக்கோ ஆங்கிலக் கதவு மூடியிருந்தது. நம் ஊரில் நம்மவர் பொருளால் நிகழ்ந்த உரை, அதை ஆய்வதற்கு மிகவும் தகுதியுடையோரை எட்டாமல் சென்றது.

நஹ்வு என்னும் திறவுகோல்

இனி, ஆங்கிலத்தின் அடிப்படை இலக்கணம் அரபு கற்றவருக்கு உண்மையிலேயே கடினமானதா என்று காண்போம். இந்தியப் பள்ளிகளில் நெடுங்காலம் ஆண்டவை, வடஇந்தியக் கல்வித்துறையில் பணியாற்றிய நெஸ்ஃபீல்டின் இலக்கண நூல்களும், பின்னர் வந்த ரென் - மார்ட்டின் நூலும் ஆகும். சொற்களை எட்டு வகையாகப் பகுக்கும் இவற்றின் முறை கிரேக்க, இலத்தீன் மரபிலிருந்து வந்தது. ஸீபவைஹி காலந்தொட்டு அரபு இலக்கணம் இஸ்ம், ஃபிஅல், ஹர்ஃப் என மூன்றே வகை கொள்கிறது. தமிழ் மரபு பெயர், வினை, இடை, உரி என்கிறது. அஜ்ரூமிய்யாவை ஓதி முடித்த மாணவன், ஒரு சொல்லைக் கண்டதும் அதன் வகையையும் வாக்கியத்தில் அதன் பணியையும் கேட்கப் பழகியவன். இப்பழக்கமே இலக்கணக் கல்வியின் பாதி. அவன் செய்யும் பிழைகளும் காரணமற்றவை அல்ல; ஒவ்வொன்றுக்கும் பின்னால் அரபின் அல்லது தமிழின் ஒரு விதி நிற்கிறது.

முப்ததாவும் கபரும் சேர்ந்தால் ஜும்லா இஸ்மிய்யா நிறைவு பெறும். ‘ஸைதுன் முஅல்லிமுன்’ என்பதிலும் ‘ஸைது ஆசிரியர்’ என்பதிலும் வினைச்சொல் இல்லை. ஆங்கிலம் இதை ஏற்காது. ‘ஸைது இஸ் எ டீச்சர்’ என்று ‘இஸ்’ வந்தே தீர வேண்டும். இறந்தகாலத்தில் ‘கான’ வருவது மாணவனுக்குத் தெரியும். அது போன்றதொரு சொல்லை ஆங்கிலம் நிகழ்காலத்திலும் வேண்டுகிறது என்று ஒரே வரியில் விளக்கிவிடலாம்.

‘எ’, ‘தி’ ஆகிய முன்னொட்டுச் சொற்கள் தமிழர் அனைவருக்கும் இடர் தருபவை. நகிராவும் மஃரிஃபாவும் கற்றவனுக்கு ‘தி’ என்பது ‘அலிஃப் லாம்’ போன்றது என்று உடனே விளங்கும். எனினும் முழு ஒப்புமை இல்லை. ‘அல்இல்மு நூருன்’ என்பதைப் பெயர்க்கும்போது ‘தி நாலெட்ஜ்’ என்று தொடங்குவது பிழை. பொதுப்பொருளில் வரும் பண்புப்பெயருக்கு அரபு ‘அல்’ சேர்க்கும். ஆங்கிலம் வெறுமனே விடும். ஒற்றுமையையும் வேற்றுமையையும் அருகருகே வைத்துக் காட்டினால் மாணவன் இரண்டையும் மறப்பதில்லை.

முளாஃப், முளாஃப் இலைஹி பகுதி இன்னும் சுவையானது. ‘ஸைதின் நூல்’ என்பதில் உடையவர் முன்னே. ‘கிதாபு ஸைதின்’ என்பதில் உடைமை முன்னே. ஆங்கிலத்தில் இரண்டும் உண்டு. மேற்கோள் குறி போன்ற சிறு அடையாளத்துடன் ‘எஸ்’ சேர்ந்தால் தமிழின் வரிசை. ‘ஆஃப்’ வந்தால் அரபின் வரிசை. பெயரடை தமிழைப் போல் முன்னே வரும். ‘ஹூ’, ‘விச்’ என்று தொடங்கும் கிளை வாக்கியமோ ‘அல்லதீ’யைப் போல் பெயருக்குப் பின்னே வரும். அதிலும் ஒரு பிழை காத்திருக்கிறது. அரபில் ‘நான் பார்த்த மனிதர்’ என்பதற்கு ‘அர்ரஜுலுல்லதீ ரஅய்துஹு’ என்று திரும்பச் சுட்டும் ளமீர் வருவது வழக்கம். அதையே ஆங்கிலத்தில் எழுதினால் ‘நான் அவரைப் பார்த்த’ என்னும் மிகைச்சொல் புகுந்துவிடும்.

ஃபிஅல் முன்னே வந்து ஃபாயில் பன்மையாக இருந்தாலும் வினை ஒருமையில் நிற்பது அரபு விதி. ஆங்கிலத்தில் எழுவாய் முன்னே நிற்பதால் வினை அதனோடு எண்ணில் இயைய வேண்டும். படர்க்கை ஒருமை நிகழ்காலத்தில் வினை ஈற்றில் சேரும் ‘எஸ்’ எத்தனை தேர்வுத்தாள்களில் விடுபட்டிருக்கிறது என்பதை ஆசிரியர்கள் அறிவர். ‘முழாரிஉ’வின் பதினான்கு வடிவங்களை மனனம் செய்தவனுக்கு ஒரே ஓர் எழுத்து எவ்வாறு பெருஞ்சுமையாகும்? சுமை எழுத்தில் இல்லை. அவனுடைய பழைய அறிவோடு புதியதைத் தொடர்புபடுத்திக் காட்டுவார் இல்லாமையே சுமையாயிற்று.

வக்ஃபும் நிறுத்தற்குறியும்

வாக்கிய அமைப்பைவிடவும் நம்மவர் அஞ்சுவது நிறுத்தற்குறிகளைக் கண்டு. அவை ஐரோப்பியரிடமிருந்து வந்த புதுமை என்பது பொது எண்ணம். இன்றைய வடிவில் அவை அங்கிருந்து வந்தவையே. அரைப்புள்ளியைப் பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் வெனிஸ் நகர அச்சர் ஆல்டஸ் மனூஷியஸ் அச்சில் பயன்படுத்தினார். ஓலைச்சுவடிகளில் இத்தகைய குறிகள் இல்லாதிருந்த தமிழ், அச்சுக்கு வந்தபின் அவற்றை ஏற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் தம் உரைநடைப் பதிப்புகளில் அவற்றை ஒழுங்குறக் கையாண்டார். அரபு உரைநடைக்கு அவற்றின் விதிகளை வகுத்து எகிப்தின் அஹ்மத் ஸக்கி 1912இல் நூல் வெளியிட்டார்.

ஆனால் நிறுத்தம் பொருளை ஆளுகிறது என்னும் அறிவு நம்மிடம் மிகப் பழமையானது. ஹிஜ்ரி 560இல் மறைந்த இமாம் ஸஜாவந்தி, குர்ஆனின் நிறுத்தங்களை வகைப்படுத்தி அடையாளங்கள் வகுத்தார். ‘மீம்’ இருந்தால் நிறுத்தியாக வேண்டும். ‘தா’ இருந்தால் நிறுத்துவது முறை. ‘ஜீம்’ இருந்தால் இரண்டும் ஆகும். ‘லா’ இருந்தால் நிறுத்தலாகாது. நம் நாட்டில் அச்சாகும் முஸ்ஹஃபுகளில் ஏழு வயதுக் குழந்தையும் இவற்றைப் பார்த்தே ஓதுகிறது. ஆங்கிலத்திலும் இக்குறிகள் முதலில் உரக்கப் படிப்பதற்கான மூச்சின் அளவுகளாகவே கருதப்பட்டன. 1795இல் வெளிவந்த லிண்ட்லி மர்ரேயின் இலக்கணம், காற்புள்ளியைப் போல் இருமடங்கு அரைப்புள்ளி, அதைப் போல் இருமடங்கு முக்காற்புள்ளி, அதைப் போல் இருமடங்கு முற்றுப்புள்ளி எனக் கணக்கிட்டது. மத்துக்களின் நீட்சியை எண்ணி ஓதும் தஜ்வீது மாணவனுக்கு இக்கணக்கு புதிதன்று. பிற்காலத்தில் மூச்சைவிட வாக்கிய உறுப்புகளின் உறவே ஆங்கிலக் குறிகளுக்கு அடிப்படையாயிற்று.

இதில் எத்தகைய பொருள் பொதிந்துள்ளது என்பதற்கு ஆலு இம்ரான் அத்தியாயத்தின் ஏழாம் வசனமே போதும். முதஷாபிஹ் வசனங்களின் உட்பொருளை அறிபவர் யார் என்பது அங்குப் பேசப்படுகிறது. ‘இல்லல்லாஹ்’ என்னுமிடத்தில் நிறுத்தினால், அவ்வறிவு அல்லாஹ்வுக்கு மட்டும் உரியதாகிறது; கல்வியில் உறுதிமிக்கோர் பற்றிய செய்தி புதிய வாக்கியமாகத் தொடங்குகிறது. நிறுத்தாமல் ஓதினால், அக்கல்விமான்களும் அவ்வறிவில் பங்கு பெறுகின்றனர். முன்னதே பெரும்பான்மையோரின் கருத்து; முஜாஹித் முதலானோர் பின்னதைக் கொண்டனர். நம் முஸ்ஹஃபுகளில் அவ்விடத்தில் ‘மீம்’ உள்ளது. ஆங்கிலத்தில் பெயர்ப்பவர் அங்கு முற்றுப்புள்ளி வைப்பாரா, காற்புள்ளி வைப்பாரா? அவர் வைக்கும் புள்ளி ஒரு தஃப்ஸீர் ஆகிவிடுகிறது. அரபு அறியாத கோடிக்கணக்கான வாசகர்கள் அப்புள்ளியின் வழியாகவே அவ்வசனத்தை அறிகின்றனர். அதைச் சீர்தூக்கிப் பார்க்க வேண்டியவர் ஆலிம். சீர்தூக்க அவருக்கு ஆங்கிலப் புள்ளியின் இலக்கணம் தெரிந்திருக்க வேண்டும்.

வேறொரு வேறுபாட்டையும் இங்குச் சொல்ல வேண்டும். அரபு உரைநடை ‘வாவ்’, ‘ஃபா’ ஆகிய இணைப்புகளால் வாக்கியங்களைக் கோத்துச் செல்லும். தமிழ் ‘சென்று, கண்டு, பேசி’ என எச்சங்களால் கோக்கும். இவ்விரு மொழிகளிலும் ஊறியவர் ஆங்கிலம் எழுதினால், ஒரு பக்கம் முழுதும் ‘ஆன்ட்’ என்று நீளும். அல்லது இரு முழு வாக்கியங்களுக்கிடையே வெறும் காற்புள்ளி நிற்கும். ஆங்கிலம் முற்றுப்புள்ளியிட்டு நிறுத்தி, அடுத்த வாக்கியத்தைப் பெரிய எழுத்தில் தொடங்கச் சொல்கிறது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் பாகுபாடு அரபிலும் இல்லை, தமிழிலும் இல்லை. ஆகவே இதனைத் தனியே பயிற்றுவிக்க வேண்டும். எங்கே ‘மீம்’ இட வேண்டும் என்று கேட்டால், எங்கே முற்றுப்புள்ளி இட வேண்டும் என்பதை என் மாணவர்கள் பெரும்பாலும் சரியாகவே சொல்லிவிடுகின்றனர்.

இன்று செய்யத்தக்கது

இன்று தமிழகத்து அரபுக் கல்லூரிகள் பலவற்றில் ஆங்கிலம் ஒரு பாடமாக இடம்பெற்றுள்ளது. இது மகிழத்தக்க மாற்றம். ஆயினும் பல இடங்களில் அது பள்ளிப் பாடநூலைக் கொண்டு, நஹ்வு அறியாத ஆசிரியரால், மாலை நேரத்து உபரிப் பாடமாகவே நடைபெறுகிறது. அஜ்ரூமிய்யாவையும் ஆங்கில வாக்கியத்தையும் இருபத்தியோ நெடுவரிசையோவாக எதிரெதிரே நிறுத்தித் தமிழில் விளக்கும் ஒரு சிறு பாடநூல் நமக்கு வேண்டும். முப்ததாவிலிருந்து எழுவாய்க்கும், முளாஃபிலிருந்து ‘ஆஃப்’புக்கும், வக்ஃபிலிருந்து முற்றுப்புள்ளிக்கும் அது மாணவனை அழைத்துச் செல்ல வேண்டும். அதை எழுதத் தகுந்தோர் இரு மொழியும் அறிந்த நம் பட்டதாரி ஆலிம்களே.

வக்ஃபுச் சட்டங்களும் நீதிமன்றத் தீர்ப்புகளும், இஸ்லாம் பற்றி உலகெங்கும் வெளியாகும் ஆய்வுகளும் இன்றும் பெரும்பகுதி ஆங்கிலத்திலேயே உள்ளன. அவற்றில் வரும் ஓர் அரபு மேற்கோள் சரியாகப் பெயர்க்கப்பட்டுள்ளதா என்று சொல்லக்கூடியவர் மௌனமாயிருந்தால், ஹாமில்டனின் நூற்றாண்டு இன்னும் முடியவில்லை என்றே பொருள். ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களுக்குச் சில வாரங்கள் போதுமாயிருந்தன. நம் மாணவர்களுக்கு ஏழாண்டுப் படிப்பு இருக்கிறது. நஹ்வு என்னும் திறவுகோலும் அவர்கள் கையிலேயே இருக்கிறது.